கையெழுத்து நம்மளோடது



சேமிப்பு, கடன் பத்தி மத்தவங்க பேசுவாங்க. நான் கையெழுத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

2021 சட்டமன்றத் தேர்தல் நேரம். ஒரு சின்னக் கட்சி வேட்பாளருக்காக ஒரு தம்பி எங்க தெருவுக்கு வந்தாரு. "அக்கா, உங்க குழுவுல பத்துப் பேரு முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடுவீங்களா?"ன்னு கேட்டாரு. அங்கீகாரம் பெற்ற கட்சின்னா ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும். பதிவு மட்டும் செஞ்ச கட்சிக்கும் சுயேச்சைக்கும் பத்துப் பேர் வேணும். பத்துப் பேரும் நம்ம தொகுதி வாக்காளரா இருக்கணும்.

ஒன்பது பேர் மனசாரப் போட்டோம். பத்தாவது எங்க அத்தை பேரு. அவங்க பெண்ணாடத்துல நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாங்க. நானே அவங்க பேரை எழுதிட்டேன். கூட்டத்துக்கு வராதவங்களுக்கு நோட்டுல நாமளே போட்டுடுறோம் இல்லையா, அந்தப் பழக்கம்.

அன்னைக்கு ராத்திரி எங்க ஊக்குநர் அக்கா கேட்டுட்டுத் திட்டுனாங்க. 2017 டிசம்பர்ல சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல்ல நடிகர் விஷால் சுயேச்சையா மனு கொடுத்தாரு. முன்மொழிஞ்ச பத்துப் பேர்ல ரெண்டு பேரு "இது எங்க கையெழுத்து இல்லை"ன்னு சொன்னாங்க. அவங்களை மிரட்டிச் சொல்ல வெச்சாங்கன்னு விஷால் சொன்னாரு. ஆனாலும் டிசம்பர் 5 பரிசீலனையில மனு தள்ளுபடி. ஊரறிஞ்ச ஆளுக்கே அந்த நிலைமைன்னா, இந்தத் தம்பியோட கட்சிக்கு என்ன ஆகும்?

விடிஞ்சதும் தம்பிகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். நல்லவேளை, மனு இன்னும் கொடுக்கல. வேற படிவம் எழுதினாரு.

ஊருக்கு வந்த அத்தை என்னைக் கேட்டாங்க: "என் பேரைக் கொடுக்க என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" எனக்குப் பதில் வரல. அப்புறம் யாரு, எந்தக் கட்சின்னு விசாரிச்சு அவங்களே சம்மதிச்சாங்க. அத்தை கைநாட்டு. வீட்டுல உருட்டி வெச்ச ரேகை செல்லாது. அதிகாரி முன்னாடி வைக்கணும், இன்னார்தான்னு பார்த்து அவர் சான்று எழுதணும். அந்த வருஷம் கொரோனாவுக்காக வேட்பாளரோட ரெண்டு பேரைத்தான் உள்ள விட்டாங்க. அதுல ஒருத்தர் எங்க அத்தை!

மார்ச் 20 பரிசீலனை. பத்துப் பேரோட பாகம் எண், வரிசை எண்ணை வாக்காளர் பட்டியல்ல பார்ப்பாங்க. உறுதிமொழி எடுத்தாச்சா, சொத்து, வழக்கு விவரப் பத்திரத்துல காலி இடம் விட்டிருக்கான்னு பார்ப்பாங்க. திட்டக்குடி தனித் தொகுதி, அதனால சாதிச் சான்றும் வேணும். டெபாசிட் பொதுவா 10,000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 5,000. கட்சி கொடுக்கிற ஏ, பி படிவம் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள்ள வந்திருக்கணும். வரலன்னா கட்சி வேட்பாளர்னு எடுத்துக்க மாட்டாங்க.

சின்ன எழுத்துப் பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. ஆனா பொய்க் கையெழுத்து எழுத்துப் பிழை இல்லை.

அந்த மனு நின்னுச்சு. அவர் ஜெயிக்கல. ஆனா ஓட்டு மெஷின்ல அவர் பேரு இருந்துச்சு. "நானும் போய் நின்னேன்"னு அத்தை இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்காங்க.

சகோதரிகளே, உள்ளாட்சித் தேர்தல்ல நமக்குப் பாதி இடம் இருக்கு. நம்மள்லயும் பலர் நிக்கப் போறோம். அதுக்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தோட விதி தனி, கேட்டுத் தெரிஞ்சுக்கணும். எந்தத் தேர்தலா இருந்தாலும், தெரியாம கையெழுத்துப் போடாதீங்க, அடுத்தவங்களுக்காகவும் போடாதீங்க. போட்டுட்டு அப்புறம் இல்லைன்னும் சொல்லாதீங்க. இதை அடுத்த வாரக் கூட்டத்துல நம்ம தீர்மான நோட்டுலயே ஆரம்பிப்போம். வராதவங்க இடம் காலியாவே இருக்கட்டும்.