காணாமற்போனவனும் ஏரிக்கரை முனியும்

(மேல்பட்டாம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் பேசியதின் சாரம்)



வெளியே போனவன் வீடு திரும்பவில்லை என்றால் நம் ஊர்களில் முதல் காரியமாக என்ன செய்கிறார்கள்? வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறார்கள். மைக்காரன், "தண்ணீர் தெரிகிறது, புளியமரம் தெரிகிறது" என்கிறான். பெண்ணையாற்றுப் பக்கத்தில் தண்ணீரும் புளியமரமும் இல்லாத ஊர் எது என்று கேட்கிறோம். நாலாம் நாள் ஏரியில் பிணம் மிதந்தால் மைக்காரனுக்குப் பேர் வந்துவிடுகிறது. மிதக்காவிட்டால் அவன் சொன்னதை எவரும் ஞாபகத்தில் வைப்பதில்லை. பிறகு "முனி அடித்துவிட்டது, ஏரி காவு வாங்கிவிட்டது" என்பதாகப் பேசி, ஒரு கிடாயை வெட்டி, சங்கதியை முடித்துவிடுகிறார்கள்.

தோழர்களே! செத்த உடல் முதலில் மூழ்குவதும், உள்ளே அழுகிக் காற்று உண்டானபின் மேலே வருவதும் முனியின் வேலையல்ல. வெயில் காலமானால் சீக்கிரம் வரும். குளிர் காலமானால் தாமதமாகும். உயிரோடு விழுந்தவன் தண்ணீரை மூச்சில் இழுக்கிறபடியால், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைவரைகூடப் போய்ச் சேரலாம். கொன்று போட்ட உடலில் அப்படிச் சேருவது அரிது. இந்த ஒரு பரிசோதனையே முடிவல்ல என்றாலும், பார்த்துச் சொல்ல டாக்டரால் முடியும், பூசாரியால் முடியுமா? சந்தேக மரணமென்றால் போலீசார் விசாரித்தாக வேண்டும் என்பது பழைய சட்டத்தில் 174-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 194-ஆவது பிரிவு. முனி என்று சொல்லி அவசரமாய் எரித்துவிட்டால் எந்தப் பிரிவு என்ன செய்யும்? கொன்றவன் ஒருவன் இருப்பானேயானால், கிடாய் வெட்டியதில் முதல் சந்தோஷம் அவனுக்குத்தான்!

ஏரிக்கரையில் மட்டுந்தான் முனி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். காக்கிச் சட்டை போட்ட முனியும் உண்டு. நெய்வேலிக்கு அப்பால் முதனை கிராமத்திலிருந்த ராஜாக்கண்ணு என்னும் குறவர் சமூகத்துத் தோழரை, நகை திருட்டுப் போன ஒரு கேசில், 1993 மார்ச்சில் கம்மாபுரம் போலீசார் பிடித்துப்போய் அடித்தார்கள். பிறகு "தப்பி ஓடிவிட்டான்" என்றார்கள். அடுத்த ஜில்லாவில், மீன்சுருட்டிப் பக்கத்தில், ஒரு உடல் அடையாளம் தெரியாத பிணமாகக் கணக்கில் ஏறியது. அதுதான் ராஜாக்கண்ணு! "முனி அடித்தது" என்பதற்கும் "தப்பி ஓடினான்" என்பதற்கும் என்ன பேதம்? இரண்டிலும் கேள்வி கேட்க ஆள் கிடையாது.

ஆனால் அவர் மனைவி பார்வதி கேட்டார். வக்கீல் கே. சந்துரு மூலம் சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். கீழ்க்கோர்ட்டு விடுதலை செய்துவிட்டும், 2006-இல் ஹைகோர்ட்டு போலீசாரைக் கொலைக் குற்றவாளிகள் என்று தண்டித்தது. பதின்மூன்று வருஷம்! 2021-இல் இதையே 'ஜெய் பீம்' என்று சினிமாவாக எடுத்தபோது நீங்கள் எல்லோரும் கண்ணீர் விட்டிருப்பீர்கள். (அதில் அவரை இருளராகக் காட்டியது வேறு சங்கதி.) கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனுவை யாரும் போடலாம், உறவினர், சிநேகிதர் எவரும் போடலாம் என்பது தெரியும்?

"இது எங்கள் சரகமல்ல" என்று சொல்லி விரட்டுகிற வழக்கமும் இனிச் செல்லாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டுமென்று புதுச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்லுகிறது. குழந்தை காணாமற்போனால் கட்டாயம் வழக்குப் பதிய வேண்டுமென்று 2013-லேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. மைக்காரனுக்குக் கொடுக்கிற காசில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் காகிதமும் பேனாவும் வாங்கலாம். எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் வாருங்கள். நாம் எழுதித் தருகிறோம். போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள். ரசீது வாங்காமல் மட்டும் ஸ்டேஷனை விட்டு வந்துவிடாதீர்கள்.