மாத்திரைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

(நம் கிளப் ஹவுஸில் நடந்த மூத்தோர் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

தினமும் காலையில் நம் வளாகத்தை ஆறு சுற்று நடப்பேன். போன வருடம் மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது, கால் கனத்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். கூட நடப்பவர் ஒருவர் மெக்னீசியமும் ஜிங்க்கும் கலந்த மாத்திரையைச் சொன்னார். மூன்று மாதம் விழுங்கினேன். அசதி கூடியதே தவிர குறையவில்லை.

மகள் பிடிவாதம் பிடித்ததால் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8.9. ஆண்களுக்கு 13 இருக்க வேண்டும். உடம்பில் இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. தசைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோவது ஹீமோகுளோபின்தான். அது இல்லாமல் எப்படி நடக்க முடியும்?

"இரும்பு மாத்திரை எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்றேன். "கொடுக்கிறேன் சார். ஆனால் இந்த வயதில் ஓர் ஆணுக்கு இரும்பு குறைந்தால், அது எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்" என்றார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது. முட்டி வலிக்கு நானாகவே வாங்கிப் போட்டுக்கொண்ட வலி மாத்திரையின் வேலை. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் எனக்கு வீண்தான்.

எனவே மூன்று விஷயங்கள்.

ஒன்று, தாதுச்சத்து மாத்திரை பயன்படுவது அந்தச் சத்து குறைந்திருந்தால்தான். குறையில்லாதவர் சாப்பிட்டால் கூடுதல் பலம் வராது. மெக்னீசியம் அதிகமானால் வயிற்றுப்போக்குதான் வரும்.

இரண்டு, டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் பொட்டாசியம் மாத்திரையோ எலக்ட்ரோலைட் பவுடரோ எடுக்க வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அரை மணி நேர நடைக்குத் தண்ணீரே போதும்.

மூன்று, டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள்; சத்து உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இப்போது என் ஹீமோகுளோபின் 12.8. மறுபடி ஆறு சுற்று நடக்கிறேன். வழக்கமான நடை திடீரென்று கஷ்டமானால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் கையில் எடுத்துப் போங்கள்.