படையழைப்பும் மனச்சான்றும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘சங்க இலக்கியத்தில் மறம்’ என்னும் தலைப்பில் பேசுமாறுதான் விழாக் குழுவினர் முதலில் பணித்தனர். அத்தலைப்பில் பதினெட்டு ஆண்டுகளாகப் பேசிவருகின்றேன். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேசிவிடுவேன். அதனாலேயே தலைப்பை மாற்றித் தருமாறு வேண்டிக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். புறநானூற்றில் 279ஆம் பாட்டு, மூதின்முல்லைத் துறை. தமையனையும் கணவனையும் அடுத்தடுத்துப் போருக்குக் கொடுத்த ஒருத்தி, மீண்டும் பறையொலி கேட்டதும், தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் நீவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகின்றாள். நீங்கள் அறியாத பாட்டன்று. வழக்கம்போல் என் குரல் ஏறியது. வகுப்பும் நிமிர்ந்து அமர்ந்தது. அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். வன்னியிலிருந்து சிறுமியாக அகதி முகாமுக்கு வந்தவள், அதிகம் பேசாதவள். “அந்தப் பெடியன் ஒண்டும் சொல்லேல்லையோ, அம்மா?” என்று கேட்டாள்.

பாட்டைத் திரும்பப் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாயைப் பற்றிப் பாட்டில் எல்லாம் இருக்கின்றது. மகனுக்கு ஒரு சொல்லும் இல்லை. அத்தனை முறை நடத்தியும் அந்த மௌனம் என் கண்ணில் பட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள இன்றும் கூச்சமாக இருக்கின்றது.

போரை நிறுத்தச் சொன்ன குரல் நம் மரபில் இல்லாமலில்லை. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று பேசிய கோவூர்கிழார் நம் புலவர்தாம். மலையமான் மக்களை யானைக் காலில் இடவிருந்தபோது தடுத்த நாவும் அவருடையதே. ஆனால் அவர் படைக்குப் போகவேண்டியவர் அல்லர். அரசனிடம் உரிமையோடு பேசத்தக்க புலவர். பறை கேட்ட பின்னும் ‘நான் வாரேன்’ என்று சொன்ன வீரனை என் வாசிப்புக்கு எட்டியவரை நான் காணவில்லை. அவனைத் தேடி வேறு நாடுகளின் ஏடுகளுக்குள் சென்றேன். அங்கே கண்ட மூவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். ஒருவர் உழவர், இருவர் கவிஞர்.

இந்தியாவில் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. ஆதலால் சட்டத்தின் இயல்பைச் சற்றே சொல்லவேண்டும். பிரித்தானியாவில் 1916 சனவரியில் படைப்பணிச் சட்டம் நிறைவேறியது. முதலில் மணமாகாத ஆடவரும் சில மாதங்களில் மணமானவரும் அழைக்கப்பட்டனர். மனச்சான்றின் பொருட்டு விலக்குக் கோரலாம் என்ற விதியும் அச்சட்டத்திலேயே இருந்தது. விலக்குக் கேட்டவர் உள்ளூர்ப் பெரியோர் அமர்ந்த தீர்ப்பாயத்தின் முன் நின்று தம் மனச்சான்றை மெய்ப்பிக்கவேண்டும். ‘உன் தங்கையைப் பகைவன் ஒருவன் தாக்கினால் என்ன செய்வாய்?’ என்பது அங்கே அடிக்கடி எழுந்த கேள்வி. யார்க்ஷயர் ரிச்மண்டு கோட்டையில் அடைக்கப்பட்டிருந்த பதினாறு பேர் 1916 மே மாதத்தில் பிரான்சுப் போர்முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கட்டளையை மறுத்ததற்காக மரண தண்டனை படித்துக் காட்டப்பட்டது. உடனேயே அது பத்தாண்டுக் கடுஞ்சிறையாகக் குறைக்கப்பட்டது. அக்கோட்டையின் சிறையறைச் சுவர்களில் கைதிகள் பென்சிலால் எழுதியவையும் வரைந்தவையும் இன்றும் உள்ளன.

தண்டனையைக் காட்டிலும் அத்தீர்ப்பாயம் என்னை அதிகம் தொந்தரவு செய்கின்றது. மனச்சான்று என்பது அங்கே மொழித்தேர்வு ஆகிவிடுகின்றது. சொல்லத் தெரிந்தவன் பிழைக்கின்றான். சொல் கூடிவராதவனுக்கு மனச்சான்றே இல்லை என்று முடிவாகிவிடுகின்றது. தமிழ்த்துறையில் வாய்மொழித் தேர்வு நடத்துபவள் என்பதால் இந்த அநியாயம் எனக்கு நன்றாகவே புரிகின்றது.

இனி உழவர். ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907இல் பிறந்தவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். பண்ணை வேலை செய்த பெண்ணுக்கு மணமாகாமல் பிறந்த பிள்ளை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மேல் படிப்பில்லை. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தியபோது அவ்வூரில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் இவர் ஒருவரே. 1940இல் படைக்கு அழைக்கப்பட்டார், பயிற்சியும் பெற்றார், உழவர் என்ற முறையில் வீட்டுக்கு விடப்பட்டார். அந்தப் பயிற்சிதான் அவரைத் தெளிவித்தது. இப்போர் அநீதியானது, இதில் கொல்வது பாவம், இனி அழைத்தால் போகமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார்.

பங்குக் குருவானவர் வேண்டாம் என்றார். லின்ஸ் நகர ஆயரைச் சென்று பார்த்தார். அவரும் குடும்பத்தை நினைத்துக்கொள் என்றே அறிவுரை கூறினார். மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. 1943 மார்ச்சு முதல் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று, ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று அறிவித்தார். மருத்துவப் பணி தந்தால் செய்வதாகச் சொன்னதை எவரும் ஏற்கவில்லை. சூலை 6ஆம் நாள் பெர்லினில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1943 ஆகஸ்டு 9ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது. ரைனிஷ் என்னும் குருவானவர் ஹிட்லர் பெயரால் உறுதிமொழி எடுக்க மறுத்து முந்தைய ஆண்டே கொல்லப்பட்ட செய்தியைச் சிறை ஆன்மகுரு சொன்னபோதுதான் இவருக்குப் பெரும் ஆறுதல் கிடைத்ததாம். தான் தனியன் அல்லன் என்று அறிவதற்குக்கூட அந்த மனிதர் மரணத்தின் வாயில்வரை செல்லவேண்டியிருந்தது.

அவர் மனைவி ஃபிரான்சிஸ்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. தொடக்கத்தில் அவரும் கணவரைத் தடுத்தவர்தாம். எல்லாரும் எதிர்த்து நின்றதைக் கண்டபின், தானும் எதிர்த்தால் அவருக்கு யார்தான் துணை என்று எண்ணி அவர் பக்கம் நின்றார். சூலையில் பெர்லின் சென்று ஒரு முறை கணவரைப் பார்த்தார். உடன் வந்திருந்த குருவானவர் அப்போதும் மனத்தை மாற்றிக்கொள்ளுமாறு கணவரை வற்புறுத்திக்கொண்டிருந்தார், ஃபிரான்சிஸ்கா வற்புறுத்தவில்லை. போர் முடிந்தபின் ஊர் அவரைப் பழித்தது. கணவனைத் தடுத்து நிறுத்தாதவள் என்று மாமியாரும் பழித்தார். போரில் இறந்தவர்களின் மனைவியர்க்குக் கிடைத்த உதவித்தொகை இவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. நிலத்தை உழுது மூன்று பெண்களையும் வளர்த்தார். 1997இல்தான் அத்தண்டனை செல்லாது என்று பெர்லின் நீதிமன்றம் அறிவித்தது. 2007இல் லின்ஸ் பேராலயத்தில் கணவருக்கு ‘அருளாளர்’ என்னும் நிலை அளிக்கப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த அம்மையார் அங்கே இருந்தார். 2013இல் தம் நூறாவது வயதில் மறைந்தார். மூதின்முல்லை பாடிய புலவர்கள் இவரைக் கண்டிருந்தால் எந்தத் துறையில் அடக்கியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

யேகர்ஷ்டெட்டரை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கார்டன் ஸான் என்னும் அமெரிக்கச் சமூகவியலார். 1964இல் அவர் நூல் வெளிவந்தது. அவரே இரண்டாம் உலகப் போரில் படைப்பணியை மறுத்து மாற்றுப்பணி முகாமில் இருந்தவர் என்பது கருதத்தக்கது. அந்த முகாம்கள் வழியாகத்தான் என் இரண்டாம் மனிதரை அடைகின்றேன்.

அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டுச் சட்டம், சமயப் பயிற்சியாலும் நம்பிக்கையாலும் எந்தப் போரிலும் பங்கேற்க இயலாதவருக்கு விலக்களித்தது. ஏறத்தாழ 12,000 பேர் பொதுமக்கள் பணி முகாம்களில் காடு காத்தனர், மண்ணரிப்பைத் தடுத்தனர், காட்டுத் தீயை அணைத்தனர். அரசு கூலி தரவில்லை. அவர்களுள் ஒருவர் கன்சாசு மாநிலத்தில் பிறந்த கவிஞர் வில்லியம் ஸ்டாஃபர்டு. மாதம் இரண்டரை டாலர் கைச்செலவுக்குப் பெற்று 1942 முதல் 1946 வரை முகாம்களில் இருந்தார். பகல் முழுதும் உடலுழைப்பு. இரவில் எழுத உடலில் தெம்பிராது. எனவே விடியுமுன் எழுந்து எழுதப் பழகினார். அப்பழக்கம் 1993 ஆகஸ்டு 28இல், அவர் மறைந்த நாளின் காலைவரை தொடர்ந்தது.

அவர் 1947இல் வெளியிட்ட முகாம் நினைவுநூலில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆர்கன்சா மாநிலத்தில் மெக்நீல் என்னும் சிற்றூர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகாமிலிருந்து வந்த மூவர் அங்கே இருக்கின்றனர். ஒருவர் படம் வரைகின்றார், ஒருவர் கவிதை எழுதுகின்றார், ஸ்டாஃபர்டு படித்துக்கொண்டிருக்கின்றார். ஊரார் சூழ்ந்துகொள்கின்றனர். படம் ஐயத்துக்குரியதாகின்றது. கவிதையைப் பறித்துப் பார்த்தால் அதில் இயைபுத் தொடை இல்லை! தொடை இல்லாதது எப்படிக் கவிதையாகும்? பகைவருக்கான சேதியாகத்தான் இருக்கவேண்டும். தூக்கில் தொங்கவிடும் பேச்சுவரை சென்று, காவலர் வந்து மீட்கவேண்டியதாயிற்று. புதுக்கவிதைக்கு நம்மூரிலும் எதிர்ப்பு உண்டு; கயிறு எடுத்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஸ்டாஃபர்டு அந்த ஊராரை வெறுத்து எழுதவில்லை. அவர்களும் அஞ்சியிருந்தார்கள் என்றே காட்டுகின்றார். தேசியப் புத்தகப் பரிசு உள்ளிட்ட பெருமைகளைப் பின்னாளில் பெற்ற அவருடைய அந்த அடங்கிய குரல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாமவர் ராபர்ட் லோவெல். பாஸ்டனின் புகழ்பெற்ற குடும்பம். இவர் எல்லாப் போரையும் மறுத்தவர் அல்லர். முன்னர்ப் படையில் சேரத் தாமே முயன்றவர். 1943 கோடையில் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்து பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டனர். செப்டம்பரில் அழைப்பு வந்தபோது, நகரங்களை எரிக்கும் இப்போரில் சேரமாட்டேன் என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதமும் அறிக்கையும் விடுத்தார். ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை. சில மாதங்களில் நன்னடத்தையின்பேரில் வெளிவந்தார். நியூயார்க் சிறையில் அவருடன் இருந்தவர்களுள் லெப்கே என்னும் பெயர்பெற்ற கொலைக்கும்பல் தலைவனும் ஒருவன். அந்த நாள்களைப் பின்னர்க் கவிதையாக்கினார். அவர் கடிதத்தில் குலப்பெருமை சற்றுத் தூக்கலாகவே இருக்கின்றது. ஆயினும் அவர் எழுப்பிய சிக்கல் மெய்யானது. ‘எல்லாப் போரும் தவறு’ என்றால் சட்டம் கேட்கும். ‘இந்தப் போர், இம்முறையில் தவறு’ என்றால் கேட்காது. வியட்நாம் போரின்போது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் இதையே உறுதிசெய்தது. யேகர்ஷ்டெட்டர் அந்நாட்டில் அந்தத் தீர்ப்பாயத்தின் முன் நின்றிருந்தால் அவருக்கும் விலக்குக் கிடைத்திருக்காது. அவரும் ஒரு போரைத்தானே மறுத்தார்?

‘ஹிட்லரை எதிர்த்த போரிலும் சேரமாட்டேன் என்பது அறமா? பிறர் இரத்தத்தில் காக்கப்பட்டவர் அல்லவா உங்கள் ஸ்டாஃபர்டு?’ என்று இங்கே ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டும். என்னிடம் முழு விடை இல்லை. அப்போரில் ஆயுதம் ஏந்திச் சென்று மாண்டவர்களைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை. நான் கவனித்தது ஒன்றைச் சொல்கின்றேன். ஹிட்லரின் படையை மறுத்த உழவரை நாம் தயக்கமின்றிச் சான்றோர் என்கின்றோம். ஹிட்லரை எதிர்த்த படையை மறுத்த கவிஞரிடம் வரும்போது நா தடுமாறுகின்றது. பகைவன் படையில் மறுத்தவன் சான்றோன். நம் படையில் மறுத்தவன் கோழை. சங்க்ட் ராடெகுண்ட் ஊராரும் தங்கள் பக்கத்திலிருந்து இதையேதான் சொன்னார்கள். நம் பரணிகளையும் மறப்பாடல்களையும் கையில் வைத்துக்கொண்டு, நம் வீட்டில் நம் பறைக்கு மறுத்த மகனை நாம் என்னவென்று அழைத்தோம்? கவிஞர்களாகிய உங்களைத்தான் கேட்கின்றேன். மேடைகளில் ‘போ மகனே’ என்று எத்தனை கவிதை படித்திருப்போம்!

அந்த மாணவியிடம் அன்று எனக்கு விடை கூற இயலவில்லை. “பாட்டில் இல்லையம்மா” என்று மட்டும் சொன்னேன். வகுப்பு முடிந்தபின் அவள் என் மேசையருகே வந்து நின்றாள். வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்த காலத்தில், தன் அண்ணனை அம்மா வீட்டின் பின்னால் குழி தோண்டி, மேலே தகரமும் ஓலையும் போட்டு ஒளித்து வைத்திருந்ததாகச் சொன்னாள். இரவில் மட்டும் வெளியே வருவானாம். தலை முழுக்க மண்ணாக இருக்குமாம். இருட்டிலேயே அம்மா எண்ணெய் வைத்துச் சீவி விடுவாராம்.

அண்ணன் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் அப்பாட்டை நடத்தினேன். எண்ணெய் நீவும் அடி வந்ததும் என் குரல் பழையபடி ஏறவில்லை.