பழைய நிலை, புது வீடு



பழைய சாமானைப் போட்டு வீடு திருத்துகிறவன் வக்கில்லாதவன் என்று எதிரணித் தம்பி சொல்லிவிட்டு இருந்தார். கைதட்டலும் வாங்கினார். தம்பி, 2008இல் போரால் இந்தக் கனகராயன்குளம் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் சனம் எதை ஏற்றியது? ஓடு, தகரம், கதவு, யன்னல். போன இடத்தில் அதைக்கொண்டே கொட்டில் போட்டு, அடுத்த ஷெல்லுக்குத் திரும்பவும் கழற்றியது. வக்கில்லாதவன் செய்கிற வேலையா அது?

அதற்கும் முன்னால், தொண்ணூறுகளில், சீமெந்தும் கம்பியும் வன்னிக்கு வரத் தடை. இடிந்த சுவரின் கல்லைப் பொறுக்கித்தான் அடுத்த சுவர் எழும்பியது. 1990இல் யாழ்தேவி றெயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனதை நான் சொல்லவேண்டியதில்லை. (றெயில்வேக்காரர் யாரும் சபையில் இல்லையே?)

தரத்துக்கு வருவோம். பழைய கல்வீட்டுக் கதவுநிலை முதிரை, இல்லாவிட்டால் பாலை. பல வருடம் காய்ந்து இறுகிய மரம், இனி வளையாது. இன்றைக்குப் பச்சையாக அறுத்து வாங்கும் நிலை ஒரு மாரி கழிந்தால் கதவைச் சாத்த விடாது. புது முதிரை வேண்டுமென்றால் காசு மட்டும் போதாது, ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

வேலை தெரியாமல் செய்தால் நட்டம்தான், அதை நானும் மறுக்கவில்லை. சுண்ணாம்புச் சாந்துக் கல் ஒரு தட்டுக்குக் கழன்றுவிடும். சீமெந்துச் சாந்துக் கல்லைக் கழற்றினால் பாதி உடையும். ஓட்டைச் சுண்டிப் பார், கணீரென்றால் ஏற்று, மொட்டைச் சத்தமென்றால் விடு. எங்கள் ஊர் மரத்துக்கு இன்னொரு சோதனை இருக்கிறது, வேறு ஊர் ஆசாரிக்குத் தெரியாது: வாள் வைக்கமுதல் காந்தம் பிடித்துப் பார்க்கவேணும். உள்ளே ஷெல் துண்டு கிடந்தால் வாளின் பல் போய்விடும். நிலையை அளந்துவிட்டுச் சுவரில் வாசல் விடவேணும். வாசலை விட்டபிறகு நிலை தேடுகிறவர்தான் பழைய சாமானைத் திட்டுகிறவர். துருவேறிய கம்பியைத் தூணுக்குப் போடாதே, உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றைத் தொடாதே, கண்ணிவெடி அகற்றாத காணிக்குள் கல்லெடுக்கப் போகாதே. இந்த மூன்றிலும் நான் எதிரணியோடு நிற்கிறேன்.

மானம் போகும் என்றார் அடுத்த பேச்சாளர். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். சனம் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறது. அங்கே கலை, இங்கே கஞ்சத்தனமா?

காசுக் கணக்கையும் பார்ப்போம். போர் முடிந்து மீளக்குடியமர்ந்தபோது கிடைத்தது 25,000 ரூபாய், தகரம், தறப்பாள். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் ஐந்தரை இலட்சம் தந்தது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் சாமான் விலை ஏற ஏறப் பல குடும்பம் கடன்பட்டுத்தான் கூரை மூடியது. காணியில் கிடந்த நிலையையும் யன்னலையும் பூட்டியவருக்கு அந்தளவு கடன் குறைந்தது. இன்று குசினி இறக்குகிறவருக்கும் விறாந்தை நீட்டுகிறவருக்கும் அதே கணக்குத்தான். சீமெந்து மூட்டை இப்போது என்ன விலை என்று எதிரணித் தலைவர் எழும்பிச் சொல்லட்டும். பிறகு கதவையும் புதிதாய் வாங்கச் சொல்லட்டும்.