குற்றம் எங்கே? – பழைய டர்போ எஞ்சின்கள் புகட்டும் பாடம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இம்மேடையிலே கல்வியின் மேன்மையைப் பற்றிப் பெரியோர் பலர் சிறப்புறப் பேசினர். அவர்களைப் போன்ற நாவன்மை எங்களுக்கு இல்லை. நாங்கள் கையில் ஸ்பானர் பிடித்துக் காலம் கழித்தவர்கள். ஆகவே எங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி மட்டுமே பேச விழைகின்றோம். பழைய டர்போ கார்களின் எஞ்சினில் பழுது எங்கே உள்ளது என்று கண்டறிவதும், அந்த எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டுவதுமே அப்பொருள். ‘இதற்கும் கல்விச் சங்கத்தின் விழாவிற்கும் என்ன தொடர்பு?’ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். உரையை முடிக்குமுன் அத்தொடர்பு விளங்கும் என நம்புகின்றோம்.

டர்போ என்பது யாது?

எஞ்சினின் வலிமை அது உள்ளிழுக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளும் மிகுதியாக எரியும், வலிமை கூடும். எரிந்து முடிந்த புகையோ, தன்னுள் இன்னும் பெரும் வெப்பத்தையும் வேகத்தையும் வைத்துக்கொண்டே வீணாக வெளியேறுகின்றது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ சார்ஜர். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி என்பவர் 1905-ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் ரயில்களிலும் பெரிய டீசல் எஞ்சின்களில் அது முதலில் வேரூன்றியது.

பொதுமக்கள் வாங்கும் காருக்குள் அது புகுந்தது 1962-இல், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர், செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஆகிய இரண்டும் அவ்வாண்டு வெளிவந்தன. ஜெட்பயரின் கதை நமக்கு ஒரு பாடம். அழுத்திய காற்றோடு பெட்ரோல் எரியும்போது, உரிய நேரத்திற்கு முன்னும் முறைகெட்டும் வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும் ‘நாக்கிங்’ என்னும் தட்டல் ஏற்படும். அதைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றை எஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாட்டை அக்காரில் வைத்தனர். உரிமையாளர்கள் பலர் அத்திரவத்தை நிரப்ப மறந்தனர். திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் தானாகவே குறைக்கப்படும். ‘வண்டியில் வலிமை இல்லை’ என்று அவர்கள் குறைகூறினர். 1963-ஆம் ஆண்டோடு அக்கார் நின்றுபோயிற்று. பின்னர், விரும்பியவர்களின் வண்டிகளிலிருந்து டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்கவும் நிறுவனம் முன்வந்தது. பொறி பழுதன்று, அதன் தேவை பயன்படுத்துவோர்க்குப் புரியவில்லை, அவ்வளவே.

1973-இல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவும், அடுத்த ஆண்டில் போர்ஷே 911 டர்போவும் வந்தன. அவை பந்தய வேட்கை கொண்டோர்க்கான வண்டிகள். குடும்பத்தோடு செல்லும் சாதாரண காருக்கும் டர்போ உதவும் என்று காட்டியது சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம். 1977-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அது சாப் 99 டர்போவை வெளியிட்டது. இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், 145 குதிரைத்திறன். பெர் கில்பிராண்ட் என்னும் பொறியாளரும் அவர் குழுவினரும், சிறிய டர்போ ஒன்றைக் கொண்டு குறைந்த வேகத்திலேயே அழுத்தத்தைப் பெற்று, மிகும் புகையை ‘வேஸ்ட்கேட்’ என்னும் கதவின் வழியே திருப்பிவிட்டனர். 1982-ஆம் ஆண்டு மாடல்களிலோ, எஞ்சின் தட்டுவதைக் கேட்டு அழுத்தத்தைத் தானே குறைக்கும் கருவியையும் சேர்த்தனர். சாப் 900 டர்போவே நாங்கள் மிகுதியாகக் கையாண்ட வண்டி. அந்நிறுவனம் 2011-இல் நொடித்துப்போயிற்று; ஆயினும் அவ்வண்டிகளைப் போற்றி ஓட்டுவோர் பல நாடுகளில் இன்றும் உள்ளனர்.

எண்ணெயே உயிர்

டர்போவின் தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலும். அதன் ஒரு பக்கத்தில் 900 டிகிரி செல்சியஸை எட்டும் புகை, மறுபக்கத்தில் வெளிக்காற்று. அத்தண்டைத் தாங்குவது இரும்பன்று. எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வழியே வரும் எண்ணெயின் படலமே. எண்ணெய் சில நொடிகள் தவறினும் பேரிங் அழியும். வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால், ஓட்டம் நின்ற எண்ணெய் அவ்வெப்பத்தில் கருகிக் கரியாகப் படியும். அதனாலேதான் பழைய டர்போ வண்டிகளை நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும் என்பர். பின்னாளில் தண்ணீராலும் குளிர்விக்கப்படும் டர்போக்கள் வந்தபின் இத்தொல்லை பெரிதும் குறைந்தது.

இனி எங்கள் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம்.

1996-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் நாங்கள் பணிபுரிந்தோம். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர், 1985-ஆம் ஆண்டின் சாப் 900 டர்போ ஒன்றைக் கொண்டுவந்தார். நீலப் புகை, வலிமைக் குறைவு. எஞ்சினைப் பிரித்துக் கட்டி, செப்பனிடப்பட்ட டர்போ ஒன்றையும் பொருத்திக் கொடுத்தோம். அவர் பல மாதம் சேர்த்த பணம் அதற்குச் செலவாயிற்று. பத்தொன்பதாம் நாள் வண்டி திரும்பி வந்தது. டர்போ ஊளையிட்டது, மீண்டும் நீலப் புகை.

பட்டறை உரிமையாளர் ஒரு கணமும் தயங்கவில்லை. அங்கிருந்த கடைநிலை உதவியாளரான இளைஞரைச் சுட்டி, ‘இவன் டர்போவில் எண்ணெய் ஏற்றாமல் எஞ்சினை ஓட்டியிருப்பான், இவனை அனுப்பிவிட வேண்டியதுதான்’ என்றார். எவரும் எதையும் திறந்து பார்க்கவில்லை, அளந்து பார்க்கவில்லை. ஆயினும் குற்றவாளி கிடைத்துவிட்டார்! எங்கும் இஃதே வழக்கம் அன்றோ? பழுது எங்கே என்று தேடுமுன், பழி யார்மேல் என்று தேடுவர். அப்பழி கீழே நிற்பவர்மேல்தான் வந்து விழும்.

அவ்விளைஞர் ஒன்றும் பேசவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சிறிய குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். செய்த வேலை ஒவ்வொன்றையும் அவர் நாளும் நேரமும் இட்டு எழுதி வைத்திருந்தார். தீப்பொறியைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை எஞ்சினைச் சுழற்றியது அதில் இருந்தது. அதன் கீழே, ‘டர்போவின் வடிகுழாயில் எண்ணெய் நூல் போல் மெலிதாக வருகிறது, கேட்டேன், சூடானால் சரியாகும் என்றார்கள்’ என்றும் இருந்தது.

அவ்வாறு சொன்னவர்கள் நாங்கள்தாம்.

எண்ணெய் வரும் குழாயைக் கழற்றி, இரும்பு வாளால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே பளபளப்பாக இருந்த அக்குழாயின் உட்புறம் முழுவதும் கரி. ஊசி நுழையும் அளவே துளை எஞ்சியிருந்தது. ‘குழாய் நன்றாகத்தானே உள்ளது, பழையதே போதும்’ என்று அதையே திரும்பப் பொருத்தச் சொன்னவர்களும் நாங்களே. உரிமையாளரிடம் அதை ஒப்புக்கொண்டோம். செலவைப் பட்டறையும் எங்கள் சம்பளமும் பகிர்ந்து ஏற்றன. செவிலியரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. இளைஞர் பணியில் நீடித்தார். அவரைக் காத்தது எவருடைய இரக்கமும் அன்று. அவர் எழுதி வைத்த எழுத்து.

பழுதைத் தேடும் முறை

அன்று முதல் நாங்கள் ஒரு முறையைக் கைவிடாமல் பின்பற்றி வருகின்றோம். அதனைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலில் கேட்க வேண்டும். பழுது எப்போது தோன்றியது, சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று ஓட்டுபவரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுவதைக் காட்டும். நின்று நீடிக்கும் வெண்ணிற ஆவி, ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் புகுவதைக் காட்டும்.

வலிமைக் குறைவு என்றவுடன் டர்போவைக் கழற்றுதல் கூடாது. பழைய வண்டியில் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். அளந்து எடுத்த காற்று வழியிலேயே கசிந்தால் பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும். குழாய்களில் குறைந்த அழுத்தத்தில் காற்றை அடைத்துச் சோப்பு நீரைத் தடவினால், குமிழி எழும் இடமே குற்றவாளி. சில ரூபாய்க் குழாய் செய்த குற்றத்திற்காகப் பல ஆயிரம் ரூபாய் டர்போவைத் தூக்கியெறிந்தோர் பலர்.

டர்போவில் எண்ணெய் ஒழுகினாலும் அவசரம் வேண்டா. எண்ணெய் திரும்பும் வடிகுழாய் அடைபட்டாலும், எஞ்சினின் உட்காற்று வெளியேறும் வழி அடைபட்டாலும், நல்ல டர்போவும் ஒழுகும். தண்டைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் சிறிது அசைவு இருத்தல் இயல்பு. முன்னும் பின்னும் அசைவு புலப்பட்டாலோ, சக்கரம் கூட்டில் உரசினாலோ, அது தேய்ந்தது.

பின்னர் எஞ்சினின் அழுத்தத்தை அளக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, தீப்பொறியைத் துண்டித்து, திராட்டிலை முழுதும் திறந்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கு தேய்ந்தது. ஏறாவிடில் வால்வு அல்லது கேஸ்கெட் பழுது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் ஒருங்கே குறைந்தால், இடையே கேஸ்கெட் எரிந்துவிட்டது எனக் கருதலாம். ஐயம் நீங்கவில்லையேல், பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்திச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் புகை வால்வு. திராட்டில் பக்கம் சீறினால் காற்று வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கு. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

மீண்டும் கட்டுதல்

சாப் 900-இல் எஞ்சின் முன்பின்னாகத் திருப்பி வைக்கப்பட்டுள்ளது. கிளச்சு முன்னே, செயின் பின்னே. கியர் பெட்டி எஞ்சினுக்கு அடியில். ஆதலின் அடிப்பாகத்தைப் பிரிப்பதாயின் இரண்டையும் ஒருசேர வெளியே தூக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டுங்கள். சிலிண்டரின் குடைவை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரு திசைகளில் அளந்து எழுதுங்கள். கிராங்க் ஷாப்டை மைக்ரோமீட்டரால் அளவுங்கள். பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால், ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். காரணம் காணாது புதிதை இட்டால் அதுவும் தேயும்.

டர்போ எஞ்சினுக்கு உரிய எச்சரிக்கைகள் சில உண்டு. ரிங்கின் இடைவெளி குறைந்தால், மிகு வெப்பத்தில் அதன் முனைகள் முட்டி முறியும். அலுமினியத் தலை வளைந்திருந்தால் சமன்செய்யச் சீவுவர், மிகுதியாகச் சீவினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடித் தட்டல் பிறக்கும், பிஸ்டன் உடையும். பழைய டர்போ சிதறியிருந்தால், அதன் துகளும் எண்ணெயும் இன்டர்கூலருக்குள் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் புதிய எஞ்சினை ஓட்டுதல் ஆகாது. எண்ணெய் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றித் தூய்மை செய்யுங்கள். டர்போவின் எண்ணெய்க் குழாயைப் புதிதாகவே இடுங்கள். முதல் ஓட்டத்திற்கு முன் எண்ணெய் அழுத்தம் ஏறியதையும், வடிகுழாயில் எண்ணெய் தடையின்றி வருவதையும் கண்ணால் காணுங்கள். நூல் போல் வந்தால், நிறுத்துங்கள். உதவியாளர் சொல்கிறாரே என்று அலட்சியம் செய்யாதீர்கள்.

இளைஞர்களே!

நம் முன்னோர் கைவேலை அறியாதவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் செய்த வேலை பிறர் பெயரில் எழுதப்பட்டது. பிறர் செய்த பிழை அவர்கள் தலையில் எழுதப்பட்டது. எழுதும் கோல் அவர்கள் கையில் இல்லாமற்போனதே காரணம். கையில் ஸ்பானர் இருந்தால் கூலி கிடைக்கும். அதனோடு அளவுகோலும் எழுதுகோலும் இருந்தால், நம்மேல் சுமத்தப்படும் பழியை மறுக்கும் வலிமையும், நம் பிழையை நாமே ஒப்புக்கொள்ளும் நேர்மையும் கிடைக்கும். இவ்விரண்டையும் தருவதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகின்றது. தொடர்பு இதுதான்.

இன்று மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. நாங்கள் கூறிய எஞ்சின் நாளை அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். ஆயினும் கேட்டுப் பார்த்து, அளந்து எழுதி, எளியதை முதலில் சோதித்து, காரணம் கண்டபின் கைவைக்கும் முறை எந்தப் பொறிக்கும் பொருந்தும். நாளை வேலைக்குச் செல்லும் ஒவ்வோர் இளைஞரும், இன்றே ஒரு சிறு குறிப்பேடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.