வெளிநாட்டுப் பயணத்துக்குக் கையடக்க ஜிபிஎஸ்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

(நம் குடியிருப்பு மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் செயற்கைக்கோள் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடும் முன் எதைப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். அந்த அளவில் பேசுகிறேன்.

நம்மில் பலர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்வருகிறோம். சிலர் முக்திநாத், கயிலாயம் என்று யாத்திரை போகிறார்கள். அப்பா அம்மா வழி தவறிவிடக் கூடாதே என்ற கவலையில் பிள்ளைகள் ஒரு கையடக்க ஜிபிஎஸ் கருவியை வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். இந்தக் கருவியில் இரண்டு ஜாதி உண்டு. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்று நம்மைப் பத்திரமாக வீடு சேர்க்கும். மற்றது, நம் ஊர் விமான நிலையத்திலேயே நம்மை விசாரணைக்கு உட்கார வைத்துவிடலாம்.

முதலில் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் கையில் உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்குச் சந்தா கிடையாது, சிம் கார்டு வேண்டாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு, திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் நமக்கே கிடைக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கருவி கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. அந்தக் காலத்தில் வங்கியில் பணம் வாங்க ஒரு கவுன்ட்டர், பணம் கொடுக்க ஒரு கவுன்ட்டர் என்று தனித்தனியாக இருக்கும். சாதாரண ஜிபிஎஸ் கருவி வெறும் 'ரிசீவிங்' கவுன்ட்டர்தான். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து, தனிக் கருவி தேவையா என்று பார்ப்போம். உங்கள் ஸ்மார்ட்போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது. வெளிநாட்டில் சிம் இல்லாவிட்டாலும், டேட்டா இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். புது ஊரில் இறங்கியதும் முதல் தடவை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம். வானம் தெரியும் இடத்தில் பொறுமையாக நின்றால் போதும். இணையம் இல்லாதபோது போனில் இல்லாமல் போவது வரைபடம்தான். அதை வீட்டு வைஃபையிலேயே முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூகுள் மேப்பில் அப்படி இறக்கிய வரைபடம் கார் போகும் வழியைச் சொல்லும், நடந்து போகும் வழியைச் சொல்லாது. நடைக்கு 'ஆர்கானிக் மேப்ஸ்' போன்ற இலவசச் செயலி உதவும். இறங்கியவுடன் மகன் வீட்டின் மேல் ஒரு குறி வைத்துவிடுங்கள். எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும் அந்தத் தெருக்களில், மாலை நடைக்குப் போய்த் திரும்ப அந்த ஒரு குறி போதும். பிள்ளை வீட்டுக்கும் ஐரோப்பா டூருக்கும் மட்டும் போகிறவர்கள் தனிக் கருவிக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

தனிக் கருவி யாருக்கு வேண்டும்? பல நாள் மலையில் நடப்பவர்களுக்கு. குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். மழையிலும் கையுறை போட்ட கையிலும் தொடுதிரை படுத்தும். அத்தகையவர்கள் கடையில் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, பேட்டரி. கார்மின் நிறுவனத்தின் 'இட்ரெக்ஸ் எஸ்இ' சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரி இரண்டில் 168 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். அதில் விரிவான வரைபடம் இல்லை. போனுடன் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். 'இட்ரெக்ஸ் 22எக்ஸ்' அதே இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம்தான், ஆனால் வரைபடம் உண்டு. இவை கம்பெனி சொல்லும் கணக்கு, குளிரில் குறையும். ஏஏ பேட்டரி மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய சௌகரியம். உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரி என்றால் சார்ஜ் செய்ய மின்சாரம் தேட வேண்டும். பவர் பேங்கையும் உதிரி லித்தியம் பேட்டரியையும் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

இரண்டு, வரைபடம் எந்த நாட்டுக்கு? அமெரிக்காவில் விற்கும் கருவியில் பெரும்பாலும் அந்தப் பக்கத்து விரிவான வரைபடம்தான் இருக்கும். அதை நேபாளத்துக்குக் கொண்டுபோனால் நாம் நிற்கும் புள்ளி தெரியும், சுற்றிலும் வெற்றிடமாக இருக்கும். வேறு நாட்டு வரைபடம் ஏற்ற மெமரி கார்டு வசதி உண்டா என்று கேளுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் தயாரித்த இலவச வரைபடங்கள் கிடைக்கின்றன. கிளம்பும் முன்பே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

மூன்று, உங்கள் கண்ணும் கையும். மூக்குக்கண்ணாடி போட்டு வெயிலில் திரையைப் படிக்க முடிகிறதா? பொத்தான்களை அழுத்த வருகிறதா? ஆன்லைனில் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பத்து நாள் நம் வளாகத்திலேயே வைத்துக்கொண்டு நடந்து பழகுங்கள்.

நான்கு, எண்ணைப் படிக்கும் முறை. 27.50 டிகிரி என்றாலும் 27 டிகிரி 30 நிமிடம் என்றாலும் ஒரே இடம்தான். ஆனால் 27 டிகிரி 30 நிமிடம் என்பதை ஒருவர் 27.30 என்று எழுதிக்கொண்டால், வடக்கு தெற்கில் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். தசமப் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று வங்கிக்காரனிடம் கேளுங்கள்! உதவிக்கு வருபவரிடம் இடத்தைச் சொல்லும்போது எந்த முறையில் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அந்த இரண்டாவது ஜாதி. கார்மினில் 'ஜிபிஎஸ்மேப் 67' என்று ஒன்று, 'ஜிபிஎஸ்மேப் 67ஐ' என்று இன்னொன்று. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த 'ஐ' இருந்தால் 'இன்ரீச்' வசதி உண்டு என்று பொருள். இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும், ஆபத்தில் எஸ்ஓஎஸ் அழைக்கும். அதாவது 'பேயிங்' கவுன்ட்டரும் திறந்துவிட்டது. செல்போன் கோபுரம் இல்லாத மலையில் உயிர் காக்கும் வசதி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் வழிப் பேசும், செய்தி அனுப்பும் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி அதிகம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்திலும், 2025 ஜனவரியில் டெல்லி விமான நிலையத்திலும் வெளிநாட்டுப் பயணிகள் இன்ரீச் வைத்திருந்ததற்காகப் பிடிபட்ட செய்தியைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மலை ஏறவும் ஓடவும் வந்தவர்கள். "எங்கள் ஊரில் கடையிலேயே விற்கிறார்கள்" என்ற பதில் அங்கே எடுபடவில்லை.

ஆகவே பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். 'இன்ரீச்', 'சாட்டிலைட் மெசஞ்சர்', 'சாட்டிலைட் போன்' என்று அட்டையில் எழுதியிருந்தால் பரிசாக வேண்டாம், அவர்கள் லீவுக்கு வரும்போதும் பெட்டியில் வேண்டாம். வெளிநாட்டு மலையில் அந்த வசதி தேவைப்பட்டால், அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சாதாரண ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களும் ரசீதையும், அது வெறும் ரிசீவர் என்று காட்டும் விவரத் தாளையும் கூடவே வைத்திருங்கள். சோதனையிடுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். காகிதம் பேசினால் நாம் குறைவாகப் பேசினால் போதும்.

கயிலாயம் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. சீனா நில அளவையையும் வரைபடத்தையும் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அங்கே அங்கீகரித்த வரைபடங்களில் இடங்களைச் சட்டப்படியே சற்று நகர்த்தி வைத்திருக்கிறார்கள். நம் கருவியின் புள்ளி அந்த வரைபடத்தில் சில நூறு மீட்டர் தள்ளி விழலாம். கருவி பழுது என்று பதறாதீர்கள். பாதையைப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டுவரலாமா என்று யாத்திரை ஏற்பாட்டாளரிடம் முன்பே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வவுச்சர் ஆகாது.

எந்தக் கருவி வாங்கினாலும், மகன் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில், கைப்பையில் வையுங்கள். அதற்குப் பேட்டரி தீராது.

போனில் வரைபடம் இறக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போனையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இதே கூடத்துக்கு வாருங்கள், சேர்ந்து செய்துவிடலாம்.