டிங்கிக் காய்ச்சலும் இரத்தம் சொல்லும் சேதியும்



டிங்கிக் காய்ச்சல் நம் பினாங்குக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1902-ஆம் ஆண்டிலேயே இத்தீவில் அது கண்டதாக மருத்துவக் குறிப்பு உண்டு. இரத்தக் கசிவோடு வரும் கொடிய டிங்கி இந்நாட்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதும் இங்கேதான், அது 1962-இல்.

இந்தக் காய்ச்சலில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு நாள் கூலி போனது போதும், நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்று நோயாளியும் எழுந்து உட்காருவார். ஆனால் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஏன் அப்படி? அந்த நேரத்தில் இரத்தத்தில் கிருமி குறைந்துகொண்டுதான் இருக்கும். கெடுதல் செய்வது பெரும்பாலும் நம் உடம்பு எழுப்பிய கூக்குரல். பிரட்டுக்களத்தில் மணி அடித்தால் ஆட்கள் கூடுகிறார்கள் அல்லவா? கிருமி நுழைந்த இடத்திலிருந்தும் அப்படி ஒரு மணி அடிக்கிறது. கீமோகைன் என்னும் மிகச் சிறிய புரதங்களே அந்த மணி. அவை இரத்தத்தில் கலந்து வெள்ளை அணுக்களை அழைத்து வருகின்றன. அளவோடு அடித்தால் நன்மை. நிறுத்தாமல் அடித்தால், வேறு பல இரசாயனங்களும் சேர்ந்து, இரத்தக் குழாயின் சுவர் இளகிப்போகிறது.

தவிடும் அரிசியும் கலந்த கோணிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். நெசவு இளகினால் தவிடு சிந்தும், அரிசி தங்கும். அதுபோல இரத்தத்தின் நீர் வெளியே கசிய, சிவப்பு அணுக்கள் உள்ளே தங்கி, இரத்தம் கெட்டியாகிறது. வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோக்கிறது. நாடி தளர்கிறது.

கீமோகைன்களில் ஐ.பி. 10 என்பதும், 1987-இல் கண்டறியப்பட்ட இன்டர்லூக்கின் 8 என்பதும் டிங்கி கடுமையானவர்களின் இரத்தத்தில் அதிகம் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால் அதை அளந்து, யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே சொல்லலாமே? ஆய்வாளர்களின் ஆசையும் அதுவே. ஆனால் மலேரியாவிலும் காசநோயிலும்கூட ஐ.பி. 10 உயர்கிறது, காய்ச்சலின் நாளுக்கு நாள் அளவும் மாறுகிறது. ஆகவே மருத்துவமனையில் அன்றாடம் பார்ப்பது பழைய, மலிவான சோதனையைத்தான்: இரத்தத்தில் சிவப்பு அணுக்களின் பங்கு எவ்வளவு என்பது. அது வழக்கத்தைவிட நூற்றுக்கு 20 பங்கு ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள். ஒரு தடவை குத்தியவர்கள் மறுபடியும் ஏன் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார்கள் என்று கோபிக்காதீர்கள். முந்திய அளவோடு ஒப்பிடாமல் அது தெரியாது.

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்பீர்கள். நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. தட்டணுக்கள் கூடியதாக அதில் கண்டார்கள். இருக்கட்டும். தட்டணு கூடுவது வேறு, கசிவு நிற்பது வேறு. சாற்றை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பயம்.

காய்ச்சல் இறங்கிய பின் ஓயாத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல், தூக்கக் கலக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பார்க்காமல் புறப்படுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், புரூஃபனும் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

மருத்துவர் முதலில் கேட்பது, காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதைத்தான். வீட்டு நாள்காட்டியில் அன்றைக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள், தாய்மார்களே.